மூன்று துண்டு, மூன்று பதில்: ஓட்டிசம் என்று எழுதித் தருவதை எவ்வளவு நம்பலாம்?

மட்டக்களப்பில் ஒரு வைத்தியர் ஒரு பிள்ளைக்கு 'ஓட்டிசம்' என்று துண்டில் எழுதிக் கொடுக்கிறார். யாரோ சொன்னார்கள் என்று கொழும்புக்குக் கொண்டுபோனால், 'பேச்சுத் தாமதம், ஆறு மாதம் கழித்துக் கொண்டுவாங்க' என்கிறார்கள். திரும்பி வந்து கல்முனையில் தனியாரிடம் காட்டினால், 'ஓட்டிசச் சாயல் இருக்கு' என்று நடுவாந்தரமாக ஒரு பதில். வீட்டில் அம்மம்மா, "இவன்ட மாமனும் நாலு வயசிலதான் கதைச்சவன், சும்மா அலையாதீங்க" என்று மூன்றையும் ஒரே அடியில் தள்ளிவிடுவார். எந்தத் துண்டு சரி என்று பெற்றோர் கேட்கிறார்கள். அப்படிக் கேட்டால் பதில் வராது. ஒவ்வொருவரும் எதைப் பார்த்து, யாரை விசாரித்து, எத்தனை நிமிடத்தில் அதை எழுதினார்கள் என்று கேட்டால் வரும்.

இரத்தம் எடுத்தோ, தலையை ஸ்கேன் பண்ணியோ, மூளையின் மின்னோட்டத்தை ஈ.ஈ.ஜி.-யில் பதிந்தோ ஓட்டிசத்தைச் சொல்ல முடியாது. வலிப்புச் சந்தேகம், மரபணுச் சந்தேகம் போன்றவற்றுக்குத்தான் அந்தச் சோதனைகள். முடியை அனுப்பி 'உலோக அளவு' பார்த்து ஓட்டிசம் சொல்கிறவர்களுக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஓட்டிசம் நடத்தையை வைத்துச் சொல்லப்படுவது. 2013-ல் வந்த, அமெரிக்க மனநல வைத்தியர் சங்கத்தின் டி.எஸ்.எம்.-5 கையேட்டின்படி சமூகத் தொடர்பில் மூன்று குறைபாடுகள் இருக்கவேண்டும், மூன்றுமே: கொடுத்து வாங்கும் பழக்கம், பார்வை-சைகை-முகபாவம், வயதுக்கேற்ற உறவும் விளையாட்டும். திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கங்கள், மாற்றத்தைத் தாங்காமை, ஒரே விஷயத்தில் அளவுகடந்த ஈடுபாடு, ஒலி-ஒளி-தொடுகைக்கு அதிகமாகவோ குறைவாகவோ துலங்குவது என்ற நான்கில் குறைந்தது இரண்டு வேண்டும். சிறு வயதிலேயே தொடங்கியிருக்கவேண்டும், அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கவேண்டும். பொதுவான அறிவு வளர்ச்சித் தாமதம் மட்டுமே இதற்கெல்லாம் காரணமாக இருக்கக்கூடாது. இந்தக் கடைசி நிபந்தனைதான் அவசரத்தில் முதலில் விடுபடுவது.

இப்படி நடத்தையைப் பார்த்துச் சொல்வதில் இரண்டு நிபுணர்கள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள்? டி.எஸ்.எம்.-5-ஐக் களத்தில் சோதித்தபோது, ஒரே பிள்ளையை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்த அமெரிக்க மையங்களில் ஓட்டிசத்துக்கு வந்த கப்பா மதிப்பு 0.69. அதே சோதனையில் பெரியவர்களின் மனச்சோர்வு நோய்க்கு வந்தது 0.28. ஆக மனநலத் துறைக்குள் ஓட்டிசம் நல்ல இடத்திலேயே நிற்கிறது. கப்பா என்பது எத்தனை வீதம் ஒத்துப்போனார்கள் என்ற வெறும் கணக்கல்ல, குருட்டு அதிர்ஷ்டத்தைக் கழித்துவிட்டு மிஞ்சுவது. நூறு பிள்ளைகளில் இரண்டு வைத்தியர்களும் ஆளுக்குப் பத்துப் பேருக்கு 'ஓம்' என்கிறார்கள், மொத்தத்தில் தொண்ணூறு பேரில் ஒத்துப்போகிறார்கள் என்று வையுங்கள். தொண்ணூறு வீதம் என்றால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தாலே எண்பத்திரண்டில் ஒத்துப்போயிருப்பார்கள். கப்பா 0.44-தான்.

அந்த 0.69-உம் பயிற்சி பெற்றவர்கள், நேரம் ஒதுக்கி, ஒரே முறையைப் பின்பற்றியபோது வந்தது. கத்தரின் லோர்டும் சகாக்களும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில் 12 பல்கலைக்கழக மையங்கள், 2102 பிள்ளைகள். எல்லா இடத்திலும் ஒரே கருவிகள், புள்ளிகளும் ஏறத்தாழ ஒரே மாதிரி. ஆனால் 'ஓட்டிசம்', 'அஸ்பேர்கர்', 'குறிப்பிடப்படாத வகை' என்று பிரித்துப் பெயர் வைக்கும்போது மையத்துக்கு மையம் மாறியது. எந்த மையத்துக்குப் போனார் என்பதே என்ன பெயர் கிடைக்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது. டி.எஸ்.எம்.-5-இல் இந்த உட்பிரிவுகளை எடுத்துவிட்டு ஒரே குடைக்குள் போட்டதற்கு இது வலுவான ஆதாரமானது. ஆகவே பழைய துண்டில் 'அஸ்பேர்கர்', புதியதில் 'ஓட்டிசம் நிலை 1' (மூன்று நிலைகளில் உதவி குறைவாகத் தேவைப்படுவது) என்றிருந்தால் அதை முரண்பாடு என்று எண்ணவேண்டாம்.

நம் பக்கத்து நிலைமைக்கு வருவோம். பொத்துவிலிலிருந்து மட்டக்களப்புக்கு நூறு கிலோமீற்றருக்குக் குறையாது. விடியப்புறம் எழுப்பி, பஸ்ஸில் ஏற்றி, வரிசையில் இருத்தி, பதினொரு மணிக்கு உள்ளே கூப்பிடும்போது மூன்று வயதுப் பிள்ளை பசியிலும் தூக்கத்திலும் இருக்கும். அறையில் மின்விசிறிச் சத்தம், வெளியே அழுகை, மேசையில் கிளினிக் கார்ட்டுகள் குவிந்திருக்கும். அங்கே கண்ணைப் பார்க்காமல் கத்தும் பிள்ளைக்கு ஓட்டிசம் இருக்கலாம், களைப்பாகவும் இருக்கலாம். மறுபக்கமும் உண்டு. 2015-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், அனுபவமுள்ள நிபுணர்களுக்குப் பிள்ளைகளின் பத்து நிமிட வீடியோத் துண்டுகளைக் காட்டி, யாரை மதிப்பீட்டுக்கு அனுப்புவீர்கள் என்று கேட்டார்கள். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் 39 வீதத்தை அவர்கள் தவறவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளும் பத்து நிமிடத்தில் பெரும் பகுதி சாதாரணமாகவே நடந்துகொள்வதுதான் காரணம். அறைக்குள் ஒருமுறை கண்ணைப் பார்த்துச் சிரித்தான் என்பதற்காக 'இல்லை' என்று எழுதிவிட முடியாது.

நேரம் குறைவென்றால் அந்தக் குறைந்த நேரத்தில் எதைச் செய்கிறோம் என்பது முக்கியமாகிறது. விலையுயர்ந்த பெட்டி தேவையில்லை. கடையில் வாங்கும் சோப்புக் குமிழிப் போத்தல் ஒன்று, மூடி இறுக்கமான ஒளி ஊடுருவும் டப்பா ஒன்று, அதற்குள் பிள்ளைக்குப் பிடித்த பிஸ்கட். முதலில் இரண்டு மூன்று தரம் குமிழி ஊதிக் காட்டவேண்டும். பிறகு போத்தலை இறுக்கி மூடிப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் பத்து விநாடி பொறுக்கவேண்டும். அந்தப் பத்து விநாடி பெரியவர்களுக்குத் தாங்காது. பெரும்பாலும் தாய் குறுக்கிட்டு, "குடு மகன், மாமிட்டக் குடு" என்று சொல்லிக் கெடுத்துவிடுவார். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. பிள்ளை என்ன செய்கிறது? போத்தலை நீட்டி, முகத்தைப் பார்த்து, மறுபடி போத்தலைப் பார்க்கிறதா? அல்லது நம் மணிக்கட்டைப் பிடித்து மூடியின் மேல் கொண்டுபோய் வைத்துவிட்டு, முகத்தை ஏறெடுத்தும் பார்க்காமல் நிற்கிறதா? அல்லது போத்தலைப் போட்டுவிட்டு ஜன்னலுக்குப் போகிறதா? இரண்டாவதைக் கண்டால் அதை அப்படியே எழுதவேண்டும். 'கண் தொடர்பு குறைவு' என்று எழுதினால் அடுத்து பார்ப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

பெயரைக் கூப்பிட்டால் திரும்புகிறானா என்பதும் அப்படித்தான். தாதி கார்ட்டில் உள்ள முழுப் பெயரைக் கூப்பிடுவார். வீட்டில் அவன் 'குட்டி' என்றோ 'வாப்பா' என்றோ கேட்டு வளர்ந்தவனாக இருப்பான். தாயிடம் வீட்டுப் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை ஏதோ விளையாட்டில் இருக்கும்போது, கண்ணுக்குப் படாத பக்கத்திலிருந்து, சில விநாடி இடைவெளி விட்டு மூன்று நான்கு தரம் கூப்பிடுங்கள். அதற்கும் திரும்பாவிட்டால் தாயைக் கூப்பிடச் சொல்லுங்கள். தொடவும் கூடாது, 'பிஸ்கட்' என்று ஆசை காட்டவும் கூடாது. பிள்ளையோடு விளையாடிப் பார்த்துப் புள்ளி போடும் ஏடோஸ் போன்ற முறைப்படியான மதிப்பீட்டில் பொம்மைக்குப் பிறந்தநாள் கொண்டாடும் விளையாட்டு ஒன்று வரும். கேக் வெட்டாத வீட்டுப் பிள்ளையிடம் அதைச் செய்துவிட்டு, கற்பனை விளையாட்டு இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. பொம்மையைக் குளிப்பாட்டவோ தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கவோ சொன்னால் தெரிந்துவிடும். கணக்கில் வரும் புள்ளிக்கு அந்த மாற்று உதவாது, மதிப்பிடுபவரின் தீர்மானத்துக்கு உதவும்.

பார்ப்பது பாதி, கேட்பது மீதி. அதில்தான் அதிகம் பிசகுகிறது. "சுட்டிக் காட்டுவானா?" என்று கேட்டால் பத்தில் ஒன்பது தாய்மார் 'ஓம்' என்பார்கள். பொய் சொல்வதில்லை, அலுமாரிக்கு மேலே உள்ள பிஸ்கட்டைக் காட்டுவதை நினைத்துச் சொல்கிறார்கள். நமக்கு வேண்டியது வேறு. "றோட்டில உழவு மெசின் போனா, வானத்தில ஹெலி போனா, அந்த நேரம் புள்ள என்ன செய்யும்? கடைசியா எப்ப அப்பிடி நடந்தது?" என்று கேட்டால், விரலை நீட்டிவிட்டுத் தாயும் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்க்கும் பழக்கம் உண்டா இல்லையா என்பது கதையிலேயே வந்துவிடும். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளைக் குறைத்து, நடந்த ஒன்றைச் சொல்லவைப்பதே முழு வித்தை.

அதைச் சொல்ல ஆள் வேண்டுமே. மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் தாய் மத்திய கிழக்கில் வேலையில் இருக்க, அம்மம்மாவோ பெரியம்மாவோ பிள்ளையைக் கொண்டுவருவது சாதாரணம். இப்போதைய பழக்கங்களை அவர்கள் நன்றாகச் சொல்வார்கள். ஒன்றரை வயதில் கையசைத்து டாட்டா காட்டினானா, இருந்த சொற்கள் நின்றுபோனதா என்ற கேள்விக்குத் தடுமாறுவார்கள். வாட்ஸ்அப்பில் தாயைப் பிடித்துப் பத்து நிமிடம் கேட்பது எந்தப் படிவத்தையும்விடப் பயன்தரும். அந்த வயதில் வெளிநாட்டுக்கு அனுப்பிய வீடியோக்கள் தாயின் போனில் இன்னும் இருக்கும். அம்பாறையிலோ கொழும்பிலோ சிங்களத்தில் விசாரணை நடந்தால் இன்னொரு சிக்கல்: மொழிபெயர்க்க வந்த உறவினர் நீண்ட பதிலை ஒரு 'ஓம்' ஆகச் சுருக்கிவிடுவார். சொன்னதை அப்படியே சொல்லச் சொல்லி முதலிலேயே கேட்டுக்கொள்ளவேண்டும்.

படிவங்களுக்கு வருவோம். எம்-சாட் என்பது 16 முதல் 30 மாதப் பிள்ளைகளில் ஓட்டிசச் சந்தேகம் உண்டா என்று பெற்றோரிடம் கேட்கும் 20 கேள்விகள். புள்ளி 0 முதல் 2 வரை வந்தால் சந்தேகம் குறைவு. 3 முதல் 7 வரை வந்தால் தொடர் கேள்விகளை நேரில் கேட்டுவிட்டுத்தான் தீர்மானிக்கவேண்டும். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் நேரே மதிப்பீடு. இங்கே நடப்பது என்னவென்றால், யாரோ இணையத்தில் கண்ட படிவத்தைத் தாயே நிரப்பி, 5 வந்ததும் 'ஓட்டிசம்' என்று வீட்டில் அழுகை தொடங்கிவிடும். இரண்டாம் கட்டக் கேள்விகளைக் கேட்காத எம்-சாட் அரைகுறை. 2014-ல் வந்த அமெரிக்க ஆய்வில், இரண்டு கட்டமும் தாண்டிச் சந்தேகத்துக்குரியவர்களாக நின்ற பிள்ளைகளில் 47.5 வீதத்துக்கே ஓட்டிசம் இருந்தது. ஆனால் 94.6 வீதத்துக்கு வளர்ச்சியில் ஏதோ ஒரு தாமதமோ கவலைக்குரிய விஷயமோ இருந்தது. என் கணிப்பில் இந்த இரண்டாவது எண்ணை ஒவ்வொரு எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்துச் சுவரிலும் ஒட்டவேண்டும். பெயர் தவறலாம், உதவி தேவை என்பது தவறுவது அரிது.

இலங்கையிலும் சோதித்திருக்கிறார்கள். பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் சகாக்களும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், 18 முதல் 24 மாத வயதுள்ள 374 பிள்ளைகளின் தாய்மாரிடம் சிங்களத்தில் மாற்றிய எம்-சாட்டைக் கொடுத்தார்கள். 93 பேருக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசம் கண்டறியப்பட்டது. படிவம் பிடித்தது அவர்களில் 25 வீதத்தைத்தான். 374-ஐ 93-ஆல் வகுத்துப் பாருங்கள், நான்கு பிள்ளைகள். நான்கில் ஒன்றை வைத்துக்கொண்டு எந்த வீதத்தையும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் தாய்க்கு அடையாளம் தெரியாத நடத்தையை எழுத்தில் கேட்டால் பிள்ளை தவறிப்போகும் என்ற எச்சரிக்கை அதில் உண்டு. அதே குழு பிறகு, 21 நடத்தைகளைப் புகைப்படங்களோடு காட்டிக் கேட்கும் படிவத்தை உருவாக்கி 2017-ல் வெளியிட்டது.

ஒரே கருவி கிராமத்தில் ஒரு மாதிரியும் கிளினிக்கில் இன்னொரு மாதிரியும் பேசுவதற்குக் கணக்கு உண்டு. ஓட்டிசம் உள்ள பத்தில் எட்டுப் பேரைப் பிடிக்கும், இல்லாத நூறில் பத்துப் பேரைத் தவறாகப் பிடிக்கும் ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். ஊரில் ஆயிரம் பிள்ளைகள், அவர்களில் பத்துப் பேருக்கு ஓட்டிசம். கருவி 8 பேரைச் சரியாகவும் 99 பேரைத் தவறாகவும் காட்டும். அதாவது 107 பேரைப் பயமுறுத்தி 8 பேரைக் கண்டுபிடிக்கிறது. ஏற்கெனவே சந்தேகத்தில் அனுப்பப்பட்ட நூறு பேரில் ஐம்பது பேருக்கு ஓட்டிசம் இருக்கும் கிளினிக்கில் அதே கருவி 40 பேரைச் சரியாகவும் 5 பேரைத் தவறாகவும் காட்டும். முன்பள்ளியில் வைத்து நிரப்பிய படிவத்துக்கும் விசேட கிளினிக்கில் நிரப்பியதற்கும் ஒரே பெறுமதி கிடையாது.

பிள்ளையின் நடத்தைக்குப் புள்ளி போடும் கார்ஸ் அளவுகோலில் 15 விடயங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை, அரைப் புள்ளியும் போடலாம். 30 வந்தால் எல்லை தாண்டியது. ஒருவர் நான்கு இடத்தில் 2 போட்டு மொத்தம் 29 எடுக்கிறார். இன்னொருவர் அதே நான்கு இடத்தில் 2.5 போட்டால் 31. பிள்ளை மாறவில்லை, துண்டு மாறிவிட்டது. 28-க்கும் 32-க்கும் இடையில் நிற்கும் எண்ணை எண்ணாகவே எழுதவேண்டும், 'ஓம்', 'இல்லை' என்று மாற்றக்கூடாது. பொற்தரம் என்று சொல்லப்படும் ஏடோஸும் தப்பாத கருவியல்ல. முன்பள்ளி வயதுப் பிள்ளைகள் பற்றிய 2018 கொக்ரேன் மீளாய்வில், அது ஓட்டிசம் உள்ளவர்களில் 94 வீதத்தைப் பிடித்தது, இல்லாதவர்களில் 80 வீதத்தைத்தான் சரியாக விலக்கியது. பேச்சு மட்டத்துக்கு ஏற்ப அதில் தனித்தனித் தொகுதிகள் உண்டு; பிள்ளையின் மட்டத்துக்கு மிஞ்சியதைத் தெரிந்தெடுத்தால் புள்ளி வீணாக ஏறும்.

எதையும் எழுதுவதற்கு முன் காது. பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பது கேள்விச் சோதனை (காது கேட்கிறதா என்று அளக்கும் சோதனை) ஆகாது. தட்டும்போது வரும் காற்றுக்கும் நிழலுக்கும் கூடப் பிள்ளை திரும்பும். தாழ்ந்த ஒலி கேட்டு உயர்ந்த ஒலி கேட்காத பிள்ளை கதவுச் சத்தத்துக்குத் திரும்பும், 'ச', 'த' எல்லாம் அதற்கு விழாது. அடிக்கடி சளி பிடித்துக் காதுக்குள் நீர் கட்டும் பிள்ளைக்கு ஒரு வாரம் கேட்கும், மறுவாரம் கேட்காது. முறையான கேள்விச் சோதனையும், ஒத்துழைக்காத பிள்ளைக்கு, ஒலிக்கு மூளை காட்டும் மின் துலங்கலைப் பதியும் பெரா சோதனையும் செய்து திகதியோடு கார்ட்டில் ஒட்டியிருக்கவேண்டும். அது இல்லாத ஓட்டிச நிர்ணயத்தைத் தற்காலிகமானதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அறிவு வளர்ச்சி. நான்கு வயதுப் பிள்ளை எல்லாவற்றிலும் ஒன்றரை வயது மட்டத்தில் இருந்தால், அதன் விளையாட்டை ஒன்றரை வயதுப் பிள்ளையோடுதான் ஒப்பிடவேண்டும். அதனோடு ஒப்பிட்டும் சமூகத் தொடர்பு பின்தங்கினால் மட்டுமே ஓட்டிசத்தையும் சேர்த்து எழுதலாம். இரண்டும் ஒரே பிள்ளையில் இருப்பது உண்டு. இருந்த பேச்சு திடீரென்று நின்றால், அதுவும் மூன்று வயதுக்குப் பிறகு நின்றால், வலிப்பு உட்பட மூளை சார்ந்த காரணங்களைத் தேடவேண்டும். உடம்பில் வெளிறிய திட்டுகள், நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம், குடும்பத்தில் இதே மாதிரிப் பிள்ளைகள் இருந்தால் அதையும் சொல்லுங்கள். போன் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 'வேர்ச்சுவல் ஓட்டிசம்' என்றொரு நிர்ணயம் டி.எஸ்.எம்.-5-இலும் இல்லை, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.-11-இலும் இல்லை. நாள் முழுக்கப் போனோடு இருந்த பிள்ளைக்கு ஆட்களோடு விளையாடிப் பழக்கம் இல்லாமல் போயிருக்கலாம், ஓட்டிசம் உள்ள பிள்ளை போனை விடாமலும் இருக்கலாம். போனைக் குறைத்து, தினமும் முகம் பார்த்து விளையாடி, இரண்டு மூன்று மாதத்தில் என்ன மாறியது என்று எழுதிவைத்தால் வைத்தியருக்கு நல்ல தகவல். அதற்காகக் கிளினிக் திகதியைப் பிற்போடக்கூடாது.

தவறி விடுபடுகிறவர்களைப் பற்றிக் கொஞ்சம். நன்றாகக் கதைக்கும், படிப்பில் கெட்டியான பெண்பிள்ளை, கூட்டாளிகளைப் பார்த்து அப்படியே நடந்துகொள்ளும். 'வெட்கப்படுகிற பிள்ளை, அடக்கமான பிள்ளை' என்று நம் ஊரில் அதற்குப் பாராட்டே கிடைக்கும். பள்ளியிலிருந்து வந்ததும் வீட்டில் வெடித்து அழுவதை யாரும் வைத்தியரிடம் சொல்வதில்லை.

வயதும் நிர்ணயத்தை அசைக்கும். 2019-ல் வெளியான ஆய்வொன்றில் 1269 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். 12-13 மாதத்தில் சொன்னது பாதிப் பேரில் மட்டுமே நிலைத்தது. 14 மாதத்தில் 79 வீதம், 16 மாதத்தில் 83 வீதம் என்று அது ஏறியது. 2023-ல் வந்த இன்னொன்றில், மூன்று வயதுக்கு முன் கண்டறியப்பட்ட பிள்ளைகளில் 37 வீதத்தினர் 5-7 வயதில் அந்த அளவுகோலுக்குள் வரவில்லை. முதல் நிர்ணயம் பிழை என்று இதற்கு அர்த்தமில்லை. பிள்ளை வளர்ந்திருக்கலாம், எல்லையோரத்தில் இருந்திருக்கலாம். இலங்கையில் 18 மாத ஊசிக்கு எல்லோரும் வருகிறார்கள், மருத்துவமாதுவிடம் கவலையைச் சொல்ல அதைவிட நல்ல நாள் இல்லை. அங்கே தொடங்கினால் மூன்று வயதிலும், முதலாம் தரத்துக்கு முன்பும் மறுபடி பார்க்கலாம்.

கிளினிக்குக்குப் போகும்போது இரண்டு நிமிட வீடியோக்கள் மூன்று கொண்டுபோங்கள்: சாப்பிடும்போது, மற்றப் பிள்ளைகளோடு இருக்கும்போது, வேண்டியது கிடைக்காதபோது. பிள்ளையின் முகமும் எதிரே உள்ளவரும் ஒரே சட்டகத்தில் தெரியவேண்டும். எடுப்பவர் பின்னாலிருந்து 'சொல்லு மகன், சொல்லு' என்று தூண்டக்கூடாது. முன்பள்ளி ஆசிரியையிடம் அரைப்பக்கம் எழுதி வாங்குங்கள், 'நல்ல பிள்ளை' என்றல்ல, வட்டத்தில் இருக்கும்போது என்ன செய்கிறது, இடைவேளையில் யாரோடு நிற்கிறது என்று.

வைத்தியரிடம் பெயரோடு சேர்த்து நாலு விஷயத்தையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்: என்ன கண்டார், யார் சொன்னார், எதை விலக்கினார், எப்போது மறுபடி பார்க்கவேண்டும். பெரும்பாலானவர்கள் மறுப்பதில்லை, நேரமில்லை என்பார்கள், அடுத்த முறைக்கு என்று பிடித்துவைக்கலாம். பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கும் கடிதத்தில் 'ஓட்டிசம் நிலை 2' என்ற வரியால் ஆசிரியைக்குப் பெரிய பிரயோசனம் இல்லை. 'ஒரு தரத்தில் ஒரு கட்டளைதான் விளங்கும், மணி அடித்தால் காதைப் பொத்துவான், தண்ணி வேணும் என்றால் படத்தைக் காட்டுவான்' என்று இருக்கட்டும். கேள்விச் சோதனை அறிக்கையின் பிரதி ஒன்றைக் கிளினிக் கார்ட்டோடு பின் அடித்துவையுங்கள், அடுத்து பார்க்கும் வைத்தியர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.